காஸாவில் மறிக்கப்படும் ஐ.நா. லாரி: ஐ.நா.வால் வழக்குப் போட முடியாதா?

கள்ளக்குறிச்சியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் எதிரே டீக்கடையில் நின்றிருந்தோம். காஸாவுக்குப் போன உணவு லாரிகள் எல்லையில் நிறுத்தப்பட்ட செய்தி செல்போனில் ஓடிக்கொண்டிருந்தது. சங்கராபுரத்திலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "பாய், ஐ.நா. லாரியையே மறிக்கிறாங்க. ஐ.நா. ஆபீஸையே இடிக்கிறாங்க. அப்புறம் எதுக்கு ஐ.நா.? நேரா கோர்ட்டுக்குப் போயி கேஸ் போட வேண்டியதுதானே?"

பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார்: "கேஸ் போடணும்னா முதல்ல அது ஒரு ஆளா இருக்கணும் தம்பி. ஐ.நா. என்ன ஆளா?"

பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் சர்வதேசச் சட்டத்தில் 1948 முதல் விவாதிக்கப்பட்டு வருகிற கேள்வியைத்தான் அந்த இருவரும் டீக்கடையில் கேட்டுவிட்டார்கள். ஐ.நா. ஓர் ஆளா? அது தன் பெயரில் ஒப்பந்தம் போடலாமா? தன் ஊழியரைக் கொன்றால் நஷ்டஈடு கேட்கலாமா? அதன் படையால் ஒருவருக்குக் கேடு வந்தால் அதன் மீது வழக்குப் போடலாமா? ஃபலஸ்தீன், போஸ்னியா, இலங்கை என்று நம் மனதுக்கு நெருக்கமான பல செய்திகளின் அடியில் இந்தக் கேள்விகள்தான் இருக்கின்றன.

சட்டத்தில் 'ஆள்' என்றால் என்ன?

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. விவசாயி கரும்பைப் பதிவு செய்கிறார். வெட்டு உத்தரவு வந்ததும் வெட்டி அனுப்புகிறார். அவருடைய ஒப்பந்தம் யாரோடு? ஆலையின் அதிகாரியோடும் அல்ல, ஆயிரக்கணக்கான உறுப்பினர்களோடும் அல்ல. 'ஆலை' என்கிற சங்கத்தோடுதான். அதிகாரி மாறினாலும் பாக்கித் தொகை பாக்கிதான். வழக்கு என்று வந்தால் ஆலையின் பெயரிலேயே போடலாம். கையும் காலும் இல்லாத அந்தச் சங்கத்தைச் சட்டம் ஓர் ஆளாக மதிக்கிறது.

கல்வராயன் மலையின் பழைய கதை இதற்கு நேர் எதிர். 1976ல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை அந்த மலை ஜாகீர்தார் குடும்பங்களின் கையில் இருந்தது. அதிகாரம் அங்கே ஒரு நிறுவனத்திடம் இல்லை. மனிதரிடமும் அவர் வாரிசுகளிடமும் இருந்தது. ஆளை நம்பி நடக்கும் ஏற்பாட்டில் ஆள் மாறினால் வாக்கும் மாறலாம். நிறுவனத்தைச் சட்டப்படி ஆளாக ஆக்குவதன் பயன் இங்கேதான் தெரிகிறது.

இன்னும் நெருக்கமான உதாரணம் வக்ஃபு. பள்ளிவாசல் தானே ஒரு வழக்காடியாக நீதிமன்றத்தில் நிற்க முடியாது என்று 1940ல் லாகூர் ஷஹீத் கஞ்ச் பள்ளிவாசல் வழக்கில் பிரிவி கவுன்சில் கூறியது. ஆனால் வக்ஃபு வாரியம் அப்படியல்ல. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைத் தொடர்ந்து நிலைக்கும் சட்ட அமைப்பாக, சொத்து வைத்துக்கொள்ளவும் வழக்குத் தொடுக்கவும் வழக்கில் நிற்கவும் உரிமை உள்ளதாக ஆக்கியிருக்கிறது.

ஆகவே யார் 'ஆள்' என்பதைச் சட்டம்தான் தீர்மானிக்கிறது. ஆலைக்கும் வாரியத்துக்கும் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ சட்டம் இயற்றி அந்தத் தகுதியைத் தரலாம். நாடுகளுக்கு மேலே அப்படி ஒரு நாடாளுமன்றம் இல்லையே. அப்படியானால் ஐ.நா.வுக்கு அதை யார் தருவது?

ஜெரூசலத்தில் ஒரு கொலை

1948 செப்டம்பர் 17. ஃபலஸ்தீனில் ஐ.நா.வின் சமரசத் தூதராக இருந்த ஸ்வீடன் நாட்டவர் கவுன்ட் ஃபோல்கே பெர்னடோட், ஜெரூசலத்தில் காரில் போய்க்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். கூடவே பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஆந்த்ரே செரோவும் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் லெஹி என்ற யூத ஆயுதக் குழுவினர். விரட்டப்பட்ட ஃபலஸ்தீன அகதிகள் வீடு திரும்பும் உரிமை பெற வேண்டும் என்று பெர்னடோட் எழுதியிருந்தார்.

அவர் ஸ்வீடன் குடிமகன் என்பதால் ஸ்வீடன் நஷ்டஈடு கேட்கலாம். அது பழைய வழக்கம். ஆனால் அவர் செத்தது ஐ.நா.வின் வேலையில். ஐ.நா. தானே இஸ்ரேலிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா? ஐ.நா. சாசனத்தில் இதற்கு நேரடியான பதில் இல்லை. உறுப்பு நாடுகளுக்குள்ளே தன் வேலைக்குத் தேவையான சட்டத் தகுதி அதற்கு உண்டு என்று மட்டுமே 104ஆம் பிரிவு சொல்கிறது. சர்வதேச அரங்கில் அது ஓர் ஆள் என்று எங்கும் எழுதப்படவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. இஸ்ரேல் அப்போது ஐ.நா.வில் உறுப்பு நாடே இல்லை.

பொதுச்சபை இந்தக் கேள்வியை ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 1949 ஏப்ரல் 11ல் பதில் வந்தது. நீதிமன்றத்தின் வாதம் எளிமையானது. உலக அமைதியைக் காக்கும் பெரிய வேலையை நாடுகள் ஐ.நா.விடம் ஒப்படைத்திருக்கின்றன. ஆபத்தான இடங்களுக்கு அது ஆட்களை அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்யத் தேவையான தகுதியையும் சேர்த்துத்தான் நாடுகள் தந்திருக்க வேண்டும். எனவே அது சர்வதேசச் சட்டத்தில் ஓர் ஆள். அது ஒரு நாடு அல்ல. நாட்டுக்கு உள்ள எல்லா உரிமையும் அதற்கு இல்லை. ஆனால் தன் வேலைக்குத் தேவையான உரிமைகள் உண்டு. உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவை சேர்ந்து உருவாக்கிய அமைப்பு என்பதால், உறுப்பினர் அல்லாத நாடும் அதை மதித்தே ஆக வேண்டும்.

1950ல் ஐ.நா. இஸ்ரேலிடம் 54,628 டாலர் கேட்டது. இஸ்ரேல் கொடுத்தது.

தொகை சிறியது. அதன் பின்னால் இருக்கும் தீர்ப்போ பெரியது. இன்று உலகில் உள்ள எல்லா சர்வதேச அமைப்புகளின் சட்டத் தகுதிக்கும் இந்தத் தீர்ப்புதான் அடித்தளம். அது ஃபலஸ்தீன மண்ணில் நடந்த ஒரு கொலையிலிருந்து பிறந்தது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

படை இல்லாத ஆள், ஒப்பந்தத்தில் வாழும் படை

ஐ.நா. சாசனத்தின் 43ஆம் பிரிவு ஒரு பெரிய திட்டத்தைச் சொன்னது. பாதுகாப்புச் சபை ஒவ்வொரு நாட்டோடும் ஒப்பந்தம் போட்டு, தேவைப்படும்போது படை தரும்படி ஏற்பாடு செய்து வைத்துக்கொள்ளும் என்பதே அது. அப்படி ஓர் ஒப்பந்தம்கூட இன்றுவரை போடப்படவில்லை. வல்லரசுகளுக்கிடையே பனிப்போர் வந்துவிட்டது. பேச்சு அங்கேயே நின்றது.

அந்த வெற்றிடத்தில்தான் நீலத் தொப்பி அமைதிப்படை பிறந்தது. ஐ.நா.வுக்குச் சொந்தப் படை இல்லை என்பதால், அது ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கம் ஒப்பந்தம் போடுகிறது. படை அனுப்பும் நாட்டோடு ஒன்று: எத்தனை வீரர், என்ன தளவாடம், செலவை எப்படித் தருவது, தவறு செய்யும் வீரரை யார் தண்டிப்பது. படை போய் இறங்கும் நாட்டோடு இன்னொன்று: எங்கே முகாம், எந்தச் சாலையில் போகலாம், உள்ளூர் நீதிமன்றம் வீரரைக் கைது செய்யலாமா. இரண்டிலும் கையெழுத்திடுவது ஐ.நா.வே. 193 நாடுகளும் தனித்தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை.

இதன் முதல் பெரிய சோதனை காஸாவில் நடந்தது. 1956 சூயஸ் போருக்குப் பின் ஐ.நா. அவசரப்படை எகிப்தில் இறங்கியது. இந்தியாவும் படை அனுப்பியது. 1957 பிப்ரவரியில் ஐ.நா.வும் எகிப்தும் கடிதப் பரிமாற்றம் மூலம் படையின் நிலை பற்றி ஒப்பந்தம் செய்துகொண்டன. இஸ்ரேல் தன் எல்லைக்குள் படையை ஏற்க மறுத்தது. எனவே பத்தாண்டுக் காலம் எகிப்து பக்கமும் காஸாவிலும் மட்டுமே அது நின்றது.

1967 மே மாதம் எகிப்து அதிபர் நாசர் படையைத் திரும்பப் பெறச் சொன்னார். ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் சம்மதித்தார். அதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் பலர். ஆனால் நிலத்தின் சொந்தக்காரர் சம்மதம் தந்ததால்தான் படை அங்கே நின்றது. சம்மதம் போனால் நிற்க உரிமை இல்லை என்பது அவர் வாதம். ஜூன் 5ல் போர் மூண்டது. இன்னும் கப்பல் ஏறாமல் காஸாவில் இருந்த இந்திய வீரர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இஸ்ரேலியத் தாக்குதலில் உயிரிழந்தனர்.

ஒப்பந்தம் போடும் தகுதி இருப்பதால் மட்டும் ஐ.நா. ஓர் அரசாகிவிடாது. அது சம்மதத்தின் மீது நிற்கும் ஆள்.

கூடங்குளத்தில் நிற்கும் ஒப்பந்தம்

இப்படிப்பட்ட ஒப்பந்தம் ஒன்று தமிழ்நாட்டிலேயே அன்றாடம் நடைமுறையில் இருக்கிறது. வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையும் ஒரு தனி அமைப்பு, தனி சட்ட ஆள். 2008 ஆகஸ்ட் 1ல் அதன் ஆளுநர் குழு இந்தியாவுடனான பாதுகாப்புக் கண்காணிப்பு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தது. 2009 பிப்ரவரி 2ல் கையெழுத்தானது. அதே ஆண்டு மே 11ல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பக்கம் இந்திய அரசு, மறுபக்கம் முகமை. முகமையின் உறுப்பு நாடுகள் எதுவும் தனியாகக் கையெழுத்திடவில்லை.

2006ல் இந்தியா தன் அணு உலைகளைச் சிவில், ராணுவம் என்று பிரித்தபோது கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் சிவில் பட்டியலில் வந்தன. எனவே முகமையின் ஆய்வாளர்கள் அங்கே வந்து எரிபொருள் கணக்கைச் சரிபார்க்கலாம். கல்பாக்கத்தின் உலைகள் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே அங்கே இந்த ஒப்பந்தம் செல்லாது. ஒரே மாநிலம், ஒரே கடற்கரை. ஒரு வாயிலில் சர்வதேச ஆய்வாளருக்கு அனுமதி உண்டு. இன்னொரு வாயிலில் இல்லை. ஒப்பந்தத்தில் எது எழுதப்பட்டதோ அதுவே எல்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்த ஒப்பந்தம் யுரேனியமும் புளூட்டோனியமும் ஆயுதத்துக்குத் திருப்பப்படவில்லை என்று பார்ப்பதற்கானது. உலை பாதுகாப்பாக இயங்குகிறதா, விபத்து நடந்தால் இடிந்தகரை மக்களுக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் இதில் வராது. அது இந்தியச் சட்டத்தின் வேலை. 'சர்வதேச முகமை பார்க்கிறது' என்ற செய்தியைப் படிக்கும்போது எதைப் பார்க்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இலங்கையில் ஆள் இல்லாத கண்காணிப்பு

எதிர் உதாரணம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. 2002 பிப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் நார்வேயின் முயற்சியால் போர்நிறுத்த ஒப்பந்தம் செய்தன. அதை மேற்பார்வையிட நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து நாட்டவர் அடங்கிய கண்காணிப்புக் குழு வந்தது. அது ஐ.நா. அமைப்பல்ல; எந்த சர்வதேச அமைப்பின் கிளையும் அல்ல. அதன் உறுப்பினர்களுக்கான பாதுகாப்பும் சலுகையும் நார்வே அரசும் இலங்கை அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து வந்தன.

இந்த ஏற்பாட்டில் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன.

முதலாவது, யார் கையெழுத்திட்டார்கள் என்பது. கிழக்கு மாகாணத்திலும் வடக்கிலும் போரால் வேரோடு பிடுங்கப்பட்ட முஸ்லிம்கள் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்ல. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூஃப் ஹக்கீம் 2002 ஏப்ரலில் கிளிநொச்சிக்குப் போய் பிரபாகரனைச் சந்தித்துத் தனி உடன்பாடு செய்தார். ஆனால் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் முஸ்லிம்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு சமூகம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கையெழுத்திடும் தகுதி உள்ள ஆளாக எவரும் அதை ஏற்காவிட்டால், அதன் பாதுகாப்பு மற்றவர்களின் நல்லெண்ணத்தில் தொங்குகிறது.

இரண்டாவது, கண்காணிப்புக் குழு எதன் மீது நிற்கிறது என்பது. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. உடனே ஒன்றியத்தின் உறுப்பினர்களான ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து நாட்டவர் வெளியேற வேண்டும் என்றனர் புலிகள். நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. குழுவுக்கென்று தனி நிலை இல்லாததால், உறுப்பினர்களின் கடவுச்சீட்டே அதன் முகமாகிவிட்டது.

அதே ஆகஸ்டில் மூதூரில் சண்டை நடந்தது. முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டு ஓடின. பட்டினிக்கு எதிராகப் பணியாற்றும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். இதற்குப் பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்று கண்காணிப்புக் குழு அந்த மாத இறுதியில் அறிவித்தது. அரசு மறுத்தது. அத்துடன் குழுவின் வேலை முடிந்தது. அதனால் நஷ்டஈடு கேட்க முடியவில்லை. வழக்கும் போட முடியவில்லை. 2008 ஜனவரியில் போர்நிறுத்தம் முறிந்ததும் குழுவும் கலைந்தது.

பெர்னடோட்டுக்காக ஐ.நா. தன் பெயரில் கேட்க முடிந்தது. மூதூரின் 17 பேருக்காக அப்படிக் கேட்க சர்வதேச அரங்கில் ஓர் ஆள் இல்லை. தொண்டு நிறுவனம் பிரெஞ்சுச் சட்டத்தில் ஓர் ஆள். ஆனால் நாடுகளின் மேசையில் அதற்கு நாற்காலி கிடையாது.

அதே காலத்தில் இந்தோனேசியாவின் ஆச்சேவில் நடந்ததை ஒப்பிடலாம். சுனாமிக்குப் பிறகு 2005 ஆகஸ்ட் 15ல் ஹெல்சிங்கியில் அரசும் ஆச்சே விடுதலை இயக்கமும் உடன்பட்டன. அதைக் கண்காணிக்க ஐரோப்பிய ஒன்றியமும் ஐந்து ஆசியான் நாடுகளும் சேர்ந்து ஆட்களை அனுப்பின. அவர்களின் நிலை குறித்து இந்தோனேசிய அரசுடன் ஒன்றியமே தன் பெயரில் ஒப்பந்தம் செய்தது. ஒன்றியம் ஒரு சட்ட ஆள் என்று அதன் அடிப்படை உடன்படிக்கையில் எழுதப்பட்டது 2009 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அது ஆளாக நடந்துகொண்டது. மற்றவர்களும் அப்படியே நடத்தினர். ஆச்சே அமைதி நிலைத்ததற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் கண்காணித்தவர்கள் யார் பெயரில் நிற்கிறார்கள் என்ற குழப்பம் அங்கே இல்லை.

ஸ்ரெப்ரெனிட்சா தாய்மார்களின் கேள்வி

இதுவரை சொன்னது ஒரு முகம். ஆள் என்றால் உரிமை மட்டுமல்ல, பொறுப்பும் உண்டு அல்லவா? சர்க்கரை ஆலை பாக்கி தராவிட்டால் வழக்குப் போடலாம். ஐ.நா. தன் கடமையில் தவறினால்?

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவை 1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்புச் சபை 'பாதுகாப்பான பகுதி' என்று அறிவித்தது. அந்தப் படையின் முதல் தளபதியாக அதற்கு முன் ஓராண்டு இருந்தவர் இந்தியாவின் லெப்டினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார். 1995 ஜூலையில் அங்கே காவல் நின்றவர்கள் சில நூறு டச்சு வீரர்கள். செர்பியப் படை நுழைந்தது. சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர்.

அவர்களின் தாய்மாரும் மனைவியரும் 2007ல் நெதர்லாந்து நீதிமன்றத்தில் ஐ.நா. மீதும் டச்சு அரசின் மீதும் வழக்குத் தொடுத்தனர். ஐ.நா. நீதிமன்றத்துக்கே வரவில்லை. 1946ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி எந்த நாட்டு நீதிமன்றத்திலும் தன்னை விசாரிக்க முடியாது என்ற விலக்குரிமை அதற்கு உண்டு. 2012ல் டச்சு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2013ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஏற்றது. இனப்படுகொலை பற்றிய குற்றச்சாட்டானாலும் விலக்குரிமை விலகாது என்றனர். டச்சு அரசு மட்டும் தப்பவில்லை. 2019ல் உச்ச நீதிமன்றம், முகாமுக்குள் அடைக்கலம் தேடியிருந்து வெளியே அனுப்பப்பட்ட சுமார் 350 பேர் விஷயத்தில், இழப்பில் 10 சதவீதத்துக்கு அரசு பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

கொசோவோவிலிருந்தும் ஒரு வழக்கு வந்தது. 2000 மார்ச்சில் மித்ரோவிட்சா அருகே வெடிக்காமல் கிடந்த கொத்துக்குண்டை எடுத்து விளையாடிய சிறுவர்களில் ஒருவன் இறந்தான். அவன் தம்பியின் பார்வை பறிபோனது. அந்தப் பகுதி நேட்டோ தலைமையிலான படையின் பிரெஞ்சுப் பிரிவிடம் இருந்தது. தந்தை பெஹ்ராமி பிரான்ஸ் மீது வழக்குப் போட்டார். குண்டுகளை அகற்றும் பொறுப்பு ஐ.நா.வுடையது, ஐ.நா. எங்கள் அதிகார வரம்பில் இல்லை என்று 2007 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். பெர்னடோட் வழக்கில் 'ஐ.நா. தனி ஆள்' என்ற கொள்கை பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்றது. பெஹ்ராமி வழக்கில் அதே கொள்கை நாடுகள் ஒளிந்துகொள்ளும் திரையானது. 'செய்தது நாங்கள் அல்ல, அமைப்பு' என்று நாடு சொல்கிறது. 'என்னை விசாரிக்க முடியாது' என்று அமைப்பு சொல்கிறது. நடுவில் நிற்கிறார் பிள்ளையைப் பறிகொடுத்தவர்.

விலக்குரிமைக்கு நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மலேசியத் தமிழரான வழக்கறிஞர் பரம் குமாரசாமி, நீதிபதிகளின் சுதந்திரம் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்தார். 1995ல் அவர் அளித்த ஒரு பேட்டிக்காகப் பெருநிறுவனங்கள் மலேசிய நீதிமன்றத்தில் அவர் மீது பெரும் தொகை கேட்டு அவதூறு வழக்குகள் போட்டன. 1999 ஏப்ரல் 29ல் சர்வதேச நீதிமன்றம், அவர் ஐ.நா. பணியில் பேசியதற்கு விலக்குரிமை உண்டு என்றது. அந்தக் கவசம் இல்லையென்றால், பலம் உள்ளவர்கள் எந்த ஐ.நா. விசாரணையாளரையும் வழக்குகளால் முடக்கிவிடலாம்.

ஆனால் கவசத்துக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. தனிநபர்களின் நஷ்டஈட்டுப் புகார்களைத் தீர்க்க ஐ.நா. தானே ஒரு வழி செய்ய வேண்டும் என்று அதே 1946 உடன்படிக்கை சொல்கிறது. அமைதிப்படை ஒப்பந்தங்களில் இதற்காக 'உரிமைக்கோரல் ஆணையம்' அமைப்பதாக எழுதுவார்கள். அப்படி ஓர் ஆணையம் எந்த நாட்டிலும் அமைக்கப்பட்டதில்லை. படைவீரர் குற்றம் செய்தால் தண்டிக்கும் உரிமையும் அவரை அனுப்பிய நாட்டிடமே இருக்கிறது. 2007ல் ஹைட்டியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கை வீரர்கள் பாலியல் சுரண்டல் புகாரில் திருப்பி அனுப்பப்பட்டபோதும், தண்டனை தரும் உரிமை கொழும்பிடமே இருந்தது, ஐ.நா.விடம் இல்லை.

மீண்டும் காஸா, மீண்டும் டீக்கடை

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வரலாம். ஐ.நா.வால் வழக்குப் போட முடியாதா?

ஃபலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண அமைப்பான உன்ர்வா, 1967 ஜூன் 14ல் இஸ்ரேலுடன் கடிதப் பரிமாற்றம் மூலம் ஓர் ஒப்பந்தம் செய்தது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் அதன் பணிக்கு இஸ்ரேல் வசதி செய்து தரும் என்பது அதன் சாரம். 2024 அக்டோபரில் இஸ்ரேல் நாடாளுமன்றம் உன்ர்வாவுக்கு எதிராக இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. நவம்பரில் அந்த 1967 ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக இஸ்ரேல் ஐ.நா.வுக்கு அறிவித்தது.

ஐ.நா. நேராக ஹேக் நீதிமன்றத்துக்குப் போய் இஸ்ரேல் மீது வழக்குத் தொடுக்க முடியாது. காரணம் வீட்டோ அல்ல. அந்த நீதிமன்றத்தின் சட்டத்தில் 34ஆம் பிரிவு, நாடுகள் மட்டுமே வழக்காடிகளாக இருக்கலாம் என்று சொல்கிறது. தன் சொந்த நீதிமன்றத்தில் ஐ.நா. வாதியாக நிற்க முடியாது. ஆனால் பொதுச்சபை ஆலோசனைக் கருத்துக் கேட்கலாம். அதற்கு வீட்டோ கிடையாது. 1948ல் நடந்தது அதுதான். 2024 டிசம்பரிலும் அதே வழியில் பொதுச்சபை போனது. 2025 அக்டோபர் 22ல் நீதிமன்றம், உன்ர்வா உள்ளிட்ட ஐ.நா. அமைப்புகள் வழியாக வரும் நிவாரணத்தை ஏற்று வழிசெய்யவும், ஐ.நா.வின் விலக்குரிமைகளை மதிக்கவும் இஸ்ரேலுக்குக் கடமை உண்டு என்றது. ஒப்பந்தத்திலிருந்து விலகினாலும் சாசனத்தின் கடமைகள் விலகுவதில்லை. அந்தக் கருத்தை அமல்படுத்த ஐ.நா.விடம் போலீஸ் இல்லை. பாதுகாப்புச் சபைக்குப் போனால்தான் வீட்டோ குறுக்கே வருகிறது.

நாடுகளும் சர்வதேச அமைப்புகளும் போடும் ஒப்பந்தங்களுக்கான பொது விதிகளை 1986ல் வியன்னாவில் எழுதினார்கள். அது நடைமுறைக்கு வர 35 நாடுகளின் ஏற்பு வேண்டும். இன்னும் அது நிறைவேறவில்லை. ஆனாலும் அதன் பல விதிகள் வழக்கமாகப் பின்பற்றப்படுகின்றன.

பிள்ளைகளோடு செய்தி பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். இந்தப் படை, அல்லது ஆய்வாளர், அல்லது கண்காணிப்புக் குழு யார் பெயரில் நிற்கிறது? அவர்களை அங்கே நிற்க அனுமதிக்கும் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து இருக்கிறது, யார் கையெழுத்து இல்லை? அவர்களால் ஒருவருக்குக் கேடு வந்தால் அவர் போய் நிற்க வேண்டிய வாசல் எது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில்தான் ஸ்ரெப்ரெனிட்சா தாய்மார்கள் பன்னிரண்டு ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார்கள்.

சட்டம் படிக்க நினைக்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் உள்ளூர் நீதிமன்றத்தை மனதில் வைத்தே படிக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் ஐ.நா. ஒப்பந்தங்களில் அந்த உரிமைக்கோரல் ஆணையத்தை எழுத்தோடு விடாமல் நிஜமாக்கச் சொல்லி வாதாடவும் ஆட்கள் வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை சங்கராபுரம் தம்பியைப் பார்த்தால் இதைத்தான் சொல்வதாக இருக்கிறேன்: ஐ.நா. ஓர் ஆள்தான். அதனால் கேட்க முடியும். அதனிடமும் கேட்கிற வழியைத்தான் இன்னும் கட்டி முடிக்கவில்லை.